வலி காணும் முன்பே மலை இறங்க வேண்டும்

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நாடு முழுவதற்கும் அந்த எண் 88.6. மேடையில் சொல்ல நல்ல எண்தான். மிச்சம் 0.4 யார் என்று கேட்டால், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கும் நகரத்துச் சிலரைத் தள்ளிவிட்டுப் பார்க்க, பேச்சு மலைக்குத்தான் போகும். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, சித்தேரி, பர்கூர், வால்பாறைக் காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகள், பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் ஊர்கள். ஆண்டுக்கு 9 லட்சம் பிரசவம் என்று வைத்துக்கொண்டால் 0.4 சதவீதம் என்பது 3,600 பேர். அந்த 99.6-க்குள்ளும் சிலர் ஒளிந்திருக்கிறார்கள். மருத்துவமனையில் பெற்றதாகக் கணக்கில் வந்துவிட்டாலும், வந்து சேர வேண்டிய நேரத்துக்குப் பல மணி நேரம் கழித்து வந்தவர்கள் அவர்கள்.

தாய்மரண விகிதத்தை வைத்து இதைப் பிடிக்க முடியாது. 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு லட்சம் பிறப்புக்குத் தமிழ்நாட்டில் 54 தாய்மார் இறந்தார்கள், இந்தியாவில் 97. ஆண்டுக்கு ஆயிரம் பிரசவம் நடக்கும் ஒரு மலை ஒன்றியத்தில், மாநில சராசரியே அங்கும் பொருந்தினால்கூட, இரண்டு வருஷத்துக்கு ஒரு மரணம்தான் வரும். மூன்று வருஷம் எதுவுமே நடக்காமல் போகலாம். நாலாவது வருஷம் இரண்டு நடக்கலாம். நடக்காத வருஷத்தில் பாராட்டும் நடந்த வருஷத்தில் மெமோவும் கொடுப்பதால் எதுவும் தெரியப்போவதில்லை. சின்ன ஜனத்தொகையில் மரணத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் காரணம் கண்ணில் படாது. மணி நேரத்தை எண்ணினால் படும்.

எந்தச் சிக்கலில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது 1980-களிலிருந்தே மகப்பேறு மருத்துவத்தில் தெரிந்த சங்கதி. சிகிச்சை கிடைக்காத நிலையில், பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கில் சராசரியாக 2 மணி நேரம். பிரசவத்துக்கு முன்பே உதிரம் போனால் 12 மணி நேரம். கர்ப்பப்பை கிழிந்தால் ஒரு நாள். ஜன்னி என்று ஊரில் சொல்லும் பேறுகால வலிப்பில் 2 நாள். குழந்தை இறங்காமல் அடைத்துக்கொண்டால் 3 நாள். கிருமித் தொற்றில் 6 நாள். இந்த வரிசையில் முதலில் நிற்கும் இரண்டு மணி நேரத்தை மட்டும் எந்த ஆம்புலன்ஸும் மலையில் முந்த முடியாது. மற்றவற்றுக்கு வண்டி உதவும். உதிரப்போக்குக்கு வண்டி வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும்.

ஏன் இவ்வளவு வேகம்? நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலிட்டர் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி விலகியதும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்கினால்தான் அந்தக் குழாய்களின் வாய் அடைபடும். சுருங்காவிட்டால் திறந்த குழாய் திறந்தபடியே கிடக்கும். 45 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் இருப்பதே ஏறக்குறைய 4 லிட்டர்.

இப்போது ஒரு கணக்கு. இரவு 2 மணிக்கு வீட்டில் குழந்தை பிறக்கிறது. 2.10-க்கு உதிரம் நிற்கவில்லை என்று கூட இருக்கும் பெரியவளுக்குத் தோன்றுகிறது. இது வழக்கமானதா, அதிகமா என்று பேசி முடிக்க 2.40. சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஒருவர் ஓடி 108-ஐ அழைக்க 3.00. வண்டி தார்ச்சாலை முடியும் இடத்துக்கு வர 4.00. அதற்குள் தூளி கட்டித் தூக்கி வந்தவர்கள் அங்கே இருந்தால் அதிர்ஷ்டம். அங்கிருந்து ரத்தம் இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். கொல்லிமலைச் சாலையில் மட்டும் 70 வளைவு. இதில் யாரும் அலட்சியமாக நடந்துகொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் ஓடித்தான் இருக்கிறார்கள்.

மகப்பேறு ஆய்வில் இதை மூன்று தாமதம் என்பார்கள்: முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த இடத்தில் சிகிச்சை தொடங்குவதில். தாடியஸ், மெய்ன் என்ற இருவர் 1994-இல் வகுத்த வரிசை அது. அரசுத் திட்டங்கள் இரண்டாவது தாமதத்துக்குத்தான் அதிகம் செலவழிக்கின்றன, ஏனென்றால் வண்டியைக் கொடியசைத்துத் தொடங்கிவைக்கலாம். 2008-இல் தமிழ்நாட்டில் 108 வந்தபோது சமவெளியில் அது பெரிய மாற்றம்தான். மலையிலோ வண்டியை வேகப்படுத்துவதைவிடத் தாயை முன்கூட்டியே இறக்குவது பலமடங்கு பலன் தரும். வலி காண்பதற்கு முன்பே அவள் கீழே இருந்தால் முதல் இரண்டு தாமதமும் கணக்கிலேயே இல்லை.

அதற்கான ஏற்பாடு புதிதல்ல. மலையடிவாரத்திலோ மலைமேல் இருக்கும் பெரிய ஊரிலோ ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒட்டிக் காத்திருப்பு அறை கட்டி, பிரசவத் தேதிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு தாயை வந்து தங்கச் சொல்வது. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பகுதிகளில் சில இடங்களில் இது இருக்கிறது. ஒடிசாவில் ‘மா கிருஹா’ என்ற பெயரில் இருக்கிறது. எத்தியோப்பியா, ஜாம்பியா போன்ற நாடுகளில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. எல்லா நாட்டிலும் ஒரே புகார்: அறை காலியாகக் கிடக்கிறது.

தேதி தப்பினால் எல்லாம் தப்பும்

அறை காலியாவதற்கு முதல் காரணம் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கிறது. அது தேதி.

‘தேதிக்கு ஒரு வாரம் முன்பு வா’ என்று சொல்ல வேண்டுமானால் தேதி சரியாக இருக்க வேண்டும். கடைசியாகத் தலைக்குக் குளித்த நாளை மலைப்பெண்கள் பலர் காலண்டரில் குறித்து வைப்பதில்லை. ‘சாமை அறுப்பு முடிஞ்சப்ப’, ‘மாரியம்மன் நோன்புக்கு முன்னாடி’ என்பார்கள். அதற்குத் தோராயமாக ஒரு தேதி போட்டு, கர்ப்பிணிகளைப் பதியும் அரசுக் கணினிப் பதிவேடான பிக்மியில் ஏற்றிவிடுவார்கள். பிறகு ஸ்கேன் எடுத்துத் திருத்தலாம் என்றால், ஸ்கேன் எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் மூன்று மாதத்துக்குள் கருவின் நீளத்தை அளந்து சொல்லும் தேதி 5 முதல் 7 நாள்தான் முன்பின் ஆகும். எட்டாம் மாதத்தில் எடுக்கும் முதல் ஸ்கேன் 3 வாரம்வரை தப்பலாம். மூன்று வாரப் பிழையுள்ள தேதியை வைத்து ஒரு வாரம் முன்பு கூப்பிட்டால் ஒருத்தி வரும் வழியிலேயே பெறுவாள். இன்னொருத்தி வந்து இருபது நாள் காத்திருந்து, ஒன்றும் நடக்கவில்லை என்று ஊர் திரும்பி, அங்கே போய் வலி காண்பாள். அவள் சொல்வதைக் கேட்டு அடுத்த பெண் வரவே மாட்டாள். தேதி சரியாகவே இருந்தாலும் குறித்த நாளில் பெறுபவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஆக, 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் என்பது சம்பிரதாயம் ஆகாது; காத்திருப்பு அறைக்கு அதுதான் சாவி. ஸ்கேன் கருவியை மலைக்குத் தூக்கிப் போவதும் எளிதல்ல. கருவில் ஆணா பெண்ணா பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்தின்படி, பதிவு செய்த இடத்துக்கு வெளியே கருவியைக் கொண்டுபோய் நினைத்தபடி முகாம் போட முடியாது. பதிவு பெற்ற நடமாடும் மருத்துவக் குழுவோடுதான் போகலாம். அதனால் நடைமுறையில் பெண்களைக் கீழே கூட்டி வருவதுதான் வழி. மாதத்தில் ஒரு நாள் ஒரு வேனில் எட்டுப் பேரை ஏற்றி வந்தால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பல் வலிக்கு மாத்திரை, காத்திருப்பு அறையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போவது என நாலு வேலை ஒரே நடையில் முடியும். தேதி உறுதியில்லாதவர்களை 36 வாரம் என்று கணக்கிட்டபோதே வந்து தங்கச் சொல்வது பாதுகாப்பு. செலவு கூடும்தான்.

அறைக்கு வராததன் காரணங்கள்

“நான் வந்துட்டா ஆட்டை யாரு பாக்கறது சிஸ்டர்?” இந்தக் கேள்விக்குச் சுவரொட்டியில் பதில் இல்லை.

மூத்த பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டில். துணைக்கு வரும் மாமியாருக்கோ தாய்க்கோ நூறுநாள் வேலை போகும். புருஷன் கீழே கேரளத்திலோ கர்நாடகத்திலோ கூலி வேலையில். அறுப்பு நேரம். இதில் பத்து நாள் ஒரு சிமெண்ட் அறையில் உட்கார்ந்திரு என்றால், அது யாருக்கு லாபம் என்றுதான் குடும்பம் கணக்குப் போடும். அந்தக் கணக்கை மாற்றாமல் ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

பார்த்தால் சின்னச் சின்ன விஷயங்கள். ஒரு தாய்க்கு ஒரு கட்டில் என்று கணக்கிட்டால் துணைக்கு வந்தவர் தரையில் படுப்பார், இரண்டாம் நாள் கிளம்பிவிடுவார், அவர் கிளம்பினால் இவளும் கிளம்புவாள். எனவே ஒரு தாய்க்கு இரண்டு கட்டில், ஒரு சின்னப் பிள்ளைக்கு இடம். கழிப்பறைக்குள் தண்ணீரும் உள்பக்கத் தாழ்ப்பாளும். வெந்நீர். இரவில் எரியும் விளக்கு. சாப்பாடு வெளியிலிருந்து பொட்டலமாக வந்தால் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. ஒரு அடுப்பும் அரிசி, கேழ்வரகு, பருப்பும் கொடுத்துவிட்டால் அவர்களே களி கிண்டிக்கொள்வார்கள், பொழுதும் போகும்.

பணம் எந்தத் தலைப்பில் என்பதும் இங்கே இடிக்கும். 2011 ஜூனில் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் அரசு மருத்துவமனையில் பெறும் தாய்க்கு இலவச உணவு தருகிறது: சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள். அது பிரசவத்தை ஒட்டிய நாட்களுக்கான கணக்கு. வலி காணாத பெண்ணின் பத்து நாள் சாப்பாடு அதற்குள் வராது. துணைக்கு வந்தவரின் சாப்பாடும் வராது. இதற்குத் தனி ஒதுக்கீடு எழுதி வாங்காத இடத்தில் அறைக்குப் பூட்டுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் அளவுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு சிறு பங்கைக் காத்திருப்பு நாட்களோடு இணைத்து, துணைக்கு வருபவரின் கூலியாக அப்போதே கையில் கொடுத்தால் அறை நிறையும் என்பது எங்கள் கணிப்பு. ஆதார் இணைப்பும் வங்கிக் கணக்கும் சரியாகி, பிரசவம் முடிந்து மாதங்கள் கழித்து வரும் பணம், ஆட்டை விட்டுவிட்டு வரச் சொல்லும் காரணமாக இருக்காது.

இன்னொரு தயக்கம் பேசப்படுவதே இல்லை. பதினெட்டு வயது ஆகாத கர்ப்பிணிகள். மருத்துவமனைக்கு வந்தால் போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும். புருஷன் என்று ஊர் ஒப்புக்கொண்ட பையன் உள்ளே போவான். இது தெரிந்த குடும்பம் வயதைக் கூட்டிச் சொல்லும், இல்லையென்றால் பதிவே செய்யாமல் ஒளித்துவைக்கும். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கத்தான் வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் நடந்துவிட்ட கர்ப்பத்தில், ரத்த அழுத்தம் ஏறவும் குறைமாதத்தில் பெறவும் அதிக வாய்ப்புள்ள ஒரு பதினாறு வயதுப் பெண்ணை, சட்டத்துக்குப் பயந்து காட்டுக்குள் பெற வைப்பதில் யாருக்கும் நீதி இல்லை. தகவல் சொல்லும் கடமையைத் தள்ளிப்போட முடியாது. சிகிச்சை அறையையும் விசாரணை அறையையும் பிரித்து வைக்கலாம், போலீஸ் வார்டுக்குள் வந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம், பிரசவம் முடியும்வரை குழந்தைகள் நலக் குழு மூலம் பேசலாம். இந்த அளவுக்காவது ஊருக்குத் தெளிவாகச் சொன்னால் சிலர் வருவார்கள்.

யார் எங்கே காத்திருப்பது

எல்லோரையும் அடிவார ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தங்க வைத்துவிட்டால் பாதி வேலைதான். அங்கே ரத்தம் இல்லை, அறுவை அரங்கு இல்லை. முன்பு சிசேரியன் ஆனவர், இரட்டைக் கரு, குழந்தை குறுக்கே அல்லது கால்பக்கம் இருப்பது, போன தடவை உதிரம் மிகுந்தவர், ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டியவர், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே உள்ளவர் ஆகியோர் காத்திருக்க வேண்டிய இடம் சீமாங் எனப்படும் அவசர மகப்பேறு சிகிச்சை மையம் உள்ள மருத்துவமனைக்குப் பக்கத்தில். இரவு 2 மணிக்கும் மயக்க மருந்து டாக்டரும் ரத்தமும் இருக்கும் இடம் அது. மீதிப் பெண்களுக்கு அடிவாரம் போதும். ஆனால் ‘ரிஸ்க் இல்லாதவர்’ என்ற சொல்லை நம்பிவிடக் கூடாது: பிரசவத்துக்குப் பின் உதிரம் மிகும் பெண்களில் மூன்றில் இரண்டு பேரிடம் முன்கூட்டி எந்த அறிகுறியும் இருப்பதில்லை.

ரத்தசோகையைப் பற்றி ஒரே ஒரு விஷயம். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது இருக்கிறது. மாத்திரை 180 நாள், தினம் ஒன்று, 60 மில்லிகிராம் இரும்புச் சத்து. டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கினால் உடம்பில் ஒட்டாது, இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். அது போதாதபோது ஊசி. 45 கிலோ பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8-லிருந்து 11-க்கு ஏற வேண்டுமானால், எடையை மூன்றாலும் 2.4-ஆலும் பெருக்கி 500-ஐக் கூட்ட வேண்டும்: 824 மில்லிகிராம். அயர்ன் சுக்ரோஸ் ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம்தான் போட முடியும், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். அதாவது நாலைந்து தடவை மலை இறங்கி ஏற வேண்டும். மூன்றாவது தடவைக்கு அவள் வர மாட்டாள், பதிவேட்டில் ‘சிகிச்சை அளிக்கப்பட்டது’ என்று இருக்கும். எடைக்கு ஏற்ப ஒரே அமர்வில் 1,000 மில்லிகிராம்வரை போடக்கூடிய ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் விலை அதிகம். ஆனால் நாலு நாள் கூலியையும் பஸ் செலவையும் சேர்த்துப் பார்த்தால் மலைக்கு அதுதான் மலிவு. சமவெளிக்கும் மலைக்கும் ஒரே மருந்துப் பட்டியல் போடுவதில் இருக்கும் அசட்டுத்தனம் இங்கே பளிச்சென்று தெரியும்.

அந்த இரண்டு மணி நேரம்

அடிவார நிலையத்தில் பிரசவம் நடந்து உதிரம் நிற்கவில்லை. டாக்டர் குவார்ட்டர்ஸிலிருந்து வர வேண்டும். அறையில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு பணியாளர். இப்போது என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாம்.

முதலில், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் எல்லாத் தாய்க்கும் 10 யூனிட், தசையில். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. பிரசவ அறை ட்ரேயில் காலையிலேயே பத்து ஆம்பூலை எடுத்து வைத்துவிடுவது பல இடங்களில் பழக்கம். அவசரத்தில் ஃபிரிட்ஜுக்கு ஓட வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். மே மாத வெயிலில் அந்த ட்ரேயில் நாளெல்லாம் கிடந்த ஆம்பூல் நிறம் மாறாது, கெட்டுப்போனதாகக் காட்டாது, வீரியம் மட்டும் குறைந்துகொண்டே வரும். உதிரம் நிற்காதபோது ‘அந்தப் பொண்ணுக்கு மருந்து கேட்கல’ என்று எழுதுவார்கள். மருந்துக்கு வெயில் பட்டிருந்தது என்று யாருக்கும் தோன்றாது. தடுப்பூசிக் குளிர்பெட்டியில் ஒரு மூலையை இதற்கு ஒதுக்கி, ஒரு ஷிப்டுக்கு இரண்டு ஆம்பூலை மட்டும் ஐஸ் பேக் வைத்த சிறு பெட்டியில் அறைக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. மின்சாரமே நிலையில்லாத இடத்துக்கு, வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின் 100 மைக்ரோகிராம் இருக்கிறது. 30 டிகிரியில் வருஷக்கணக்கில் கெடாது.

அடுத்தது அளப்பது. உதிரத்தைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் பாதி குறைத்துத்தான் சொல்வோம், அனுபவம் கூடினாலும் இது மாறுவதில்லை. பழைய புடவைத் துணி எவ்வளவு குடித்தது, தரையில் கழுவிவிட்டது எவ்வளவு, கட்டியாகப் போனது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தாயின் இடுப்புக்குக் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று உண்டு. முனையில் புனல் போலக் குறுகிப் பை ஆகும். பையில் அளவுக்கோடுகள் இருக்கும். இதன் முன்மாதிரி நம் பக்கத்து மாநிலத்துக் கிராமங்களிலிருந்து வந்தது. கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டத்தில் துணைச் செவிலியர்கள் பார்த்த 1,620 பிரசவங்களில், கர்ப்பப்பையைச் சுருக்கும் மிசோப்ரோஸ்டால் 600 மைக்ரோகிராம் மாத்திரை உதிரப்போக்கை நூற்றுக்கு 12-லிருந்து 6.4-க்குக் குறைத்ததாக 2006-இல் முடிவு வெளியானது. அந்த ஆய்வில் உதிரத்தை அளக்கத்தான் இந்த விரிப்பு. பின்னாளில் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில் இதே யோசனையைப் பரீட்சித்தார்கள்; 2023-இல் முடிவு வந்தது. விரிப்பு இல்லாத இடங்களில் உதிரப்போக்கில் பாதியைத்தான், நூற்றுக்கு 51-ஐத்தான், கண்டுபிடித்தார்கள். விரிப்பு இருந்த இடத்தில் 93. கடுமையான உதிரப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன.

விரிப்பு மட்டும் இதைச் செய்யவில்லை. பையில் 500 மில்லிலிட்டரைத் தொட்டதும் எல்லா வேலையையும் ஒரே மூச்சில் செய்தார்கள்: வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையைத் தேய்த்து இறுக்குவது, ஆக்ஸிடோசின் டிரிப், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் பத்து நிமிடத்தில் நரம்பு வழியாக, சலைன், சிறுநீர்ப்பையைக் காலி செய்து கிழிசலும் நஞ்சின் மிச்சமும் இருக்கிறதா என்று பார்ப்பது. நம் வழக்கம் வேறு. ஒன்று கொடுத்துப் பார்ப்போம், பத்து நிமிடம் கழித்து அடுத்தது. இரண்டு மணி நேரத்தில் அந்தப் பத்து நிமிடங்கள்தான் கரைகின்றன. டிரானெக்ஸாமிக் ஆசிட் மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் அதன் பலன் பத்தில் ஒரு பங்கு குறையும். 2025-இல் உலக சுகாதார நிறுவனம் இன்னும் முன்னே போய், நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ மாறியிருந்தால் 300 மில்லிலிட்டரிலேயே தொடங்கச் சொல்லிவிட்டது. ரத்தசோகையுள்ள மலைப்பெண்ணுக்கு அதுதான் பொருந்தும்.

இவ்வளவுக்கும் நிற்கவில்லையென்றால் கீழே அனுப்ப வேண்டும். போகும் வழியில் உயிரைப் பிடித்து வைக்க ஒரு உடுப்பு இருக்கிறது, கணுக்காலிலிருந்து வயிறுவரை பட்டை பட்டையாக இறுக்கிக் கட்டும் நியோப்ரீன் உடுப்பு. கால் ரத்தத்தை மேலே தள்ளி மூளைக்கும் இதயத்துக்கும் தரும். கட்டும்போது கணுக்காலில் தொடங்கி மேலே வர வேண்டும். கழற்றும்போதும் கணுக்காலில்தான் தொடங்க வேண்டும், அதுவும் ரத்தம் ஏற்றி நிலை சீரான பிறகு. தப்பு நடப்பது பெரிய மருத்துவமனை வாசலில். இதைப் பார்த்தே இராத ஒருவர், பரிசோதிக்க வசதியாக வயிற்றுப் பட்டையை முதலில் அவிழ்ப்பார். அழுத்தம் சட்டென்று விழும். மலையில் பயிற்சி கொடுத்துவிட்டு, ஏற்றுக்கொள்ளும் இடத்தில் கொடுக்காமல் விட்டால் இப்படித்தான்.

ஜன்னிக்கு மெக்னீசியம் சல்பேட். ஓர் ஆம்பூல் 2 மில்லிலிட்டர், 1 கிராம். அனுப்பும் முன் முதல் டோஸ் 10 கிராம்: ஒவ்வொரு பக்கப் புட்டத்திலும் ஐந்து ஆம்பூல், ஆழமாக. மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் பாதி டோஸ் போடுவதும், ஸ்டாக்கில் ஆறே ஆம்பூல் இருப்பதும்தான் வழக்கமான கோளாறுகள். முதல் டோஸில் அந்தப் பயம் தேவையில்லை. அடுத்த டோஸுக்கு முன்புதான் மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, முழங்காலைத் தட்டினால் கால் உதறுகிறதா, மணிக்கு 30 மில்லிலிட்டராவது சிறுநீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் அதே ட்ரேயில் இருக்க வேண்டும்.

‘ரெஃபர்’ என்ற ஒற்றைச் சொல்

தமிழ்நாட்டில் தாய்மரணம் ஒவ்வொன்றும் விசாரிக்கப்படுகிறது, மாவட்ட ஆட்சியர் மட்டத்தில்கூட. மாநிலத்தின் எண் குறைந்ததில் இந்தத் தணிக்கைக்குப் பெரிய பங்குண்டு. கூடவே ஒரு பக்க விளைவும் வந்தது: என் நிலையத்தில் சாகக் கூடாது. விளைவு, முதல் டோஸும் போடாமல் டிரிப்பும் ஏற்றாமல் ‘ரெஃபர்’ என்று எழுதி வண்டியில் ஏற்றுவது. தாலுகா மருத்துவமனையில் மயக்க டாக்டர் லீவு. அங்கிருந்து இன்னொரு ‘ரெஃபர்’. மூன்றாவது இடத்தில் இறந்தால் மரணம் மூன்றாவது இடத்தின் கணக்கு. இழந்த நேரம் யார் கணக்கிலும் இல்லை. உயிர் பிழைத்தவர்களின் கேஸையும், யார் மேலும் நடவடிக்கை இல்லை என்ற உறுதியோடு, மாதம் இரண்டையாவது எடுத்து நிமிடக் கணக்கில் பேசினால் இது மாறும்.

வலி நீளும்போது அனுப்பும் முடிவும் மலையில் வேறு. வலியின் போக்கை மணிக்கணக்கில் குறிக்கும் பார்ட்டோகிராஃப் தாளில் எச்சரிக்கைக் கோடு, அதற்கு நாலு மணி நேரம் தள்ளி நடவடிக்கைக் கோடு. அறுவை அரங்குள்ள இடத்தில் இரண்டாவது கோடுவரை காத்திருக்கலாம். மலைநிலையத்தில் முதல் கோட்டைத் தாண்டியதுமே வண்டி கிளம்ப வேண்டும், ஏனென்றால் அந்த நாலு மணி நேரம் வளைவுகளில் செலவாகிவிடும். கிளம்பும் முன் ஒரு போன்: ரத்த குரூப், கடைசி ஹீமோகுளோபின், எவ்வளவு உதிரம், என்ன மருந்து, எத்தனை மணிக்கு, வண்டி எப்போது வரும். மறுமுனையில் பேசுபவரின் பெயரைச் சீட்டில் எழுதுவது. அவர் ‘இங்கே இன்று முடியாது’ என்றால் மலையிலேயே தெரிந்துவிடும், அடுத்த இடத்துக்கு நேராகப் போகலாம்.

இதையெல்லாம் இரவில் தனியாகச் செய்யப்போவது நர்ஸ்தான். கீழிருந்து வருபவர் இடமாறுதல் கேட்டுக்கொண்டே இருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் 1993-இல் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதி தொடங்கிய மருத்துவமனையும், கூடலூரில் 1990-இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையும் இதற்குக் கண்ட வழி ஒன்றே: அந்தந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தது. அவர்கள் ஊரைவிட்டுப் போவதில்லை. வலியில் இருப்பவள் தன் பாஷையில் திட்டினாலும் அவர்களுக்குப் புரியும்.

பிரசவம் முடிந்த பிறகு கவனம் குழந்தைக்குப் போய்விடும். 48 மணி நேரத்தில் டிஸ்சார்ஜ், இலவச வண்டி தார்ச்சாலை முடியும் இடம்வரை. அதற்கு மேல் தையலோடும் கைக்குழந்தையோடும் நடை. ரத்த அழுத்தம் பிரசவம் ஆன மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும்; தொற்றுக் காய்ச்சலும் அதே நாட்களில். ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி, அவர் பையில் குழந்தையை நிறுக்கத் தராசு இருக்கும். தாயின் கையில் சுற்ற ஒரு பி.பி. கருவி இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் இராது. பேட்டரியில் ஓடும் கருவி, விலை ஒரு நாள் டீசல் செலவு அளவுதான். 3-ஆம் நாளும் 7-ஆம் நாளும் இரண்டு எண் குறித்து, 140/90-க்கு மேல் இருந்தால் சிக்னல் பாறைக்குப் போய் அழைக்க வேண்டிய நம்பரை அந்தப் பையிலேயே ஒட்டிவைக்கலாம்.